கட்டுக்கு வெளியே

ரூவியில் ஒரு ஓட்டல், நான்காம் மாடி.
ஏசி பதினெட்டில் நிற்கிறது,
ரிமோட் யாரிடம் என்று தெரியவில்லை.
வெள்ளி, சனி இரண்டு நாள்,
இருநூற்றுப் பத்து ரியால்,
மதியச் சாப்பாடு உட்பட.
"பஞ்சாயத்துப் பண்ண ஒரு சர்டிபிகேட்டா?"
காலையில் இறக்கிவிடும்போது கேட்டார் வீட்டுக்காரர்.
சொம்பு இல்லாத பஞ்சாயத்து, என்றேன்.

முதல் பாடம் இருக்கை.
ஐலீன் என்ற ஐரிஷ்காரி
பலகையில் ஒரு நாற்காலி வரைந்து
குறுக்கே கோடு போட்டாள்.
இருக்கை என்பது நீங்கள் உட்காரும் இடம் அல்ல.
மஸ்கட்டில் உட்கார்ந்து விசாரிக்கலாம்,
இருக்கை லண்டனில் இருக்கும்,
ஒப்பந்தத்தின் சட்டம் மூன்றாவது ஊருடையது.
எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.
நான் குறிக்கவில்லை.
பதினாறு வருடமாகப் புதுப்பித்துவரும் ரெசிடென்ட் கார்டு
பையில் இருந்தது.
எனக்கு அந்தப் பாடம் நடந்து முடிந்திருந்தது.

மறுநாள் மாதிரி விசாரணை.
கற்பனை வழக்கு:
மலைச்சாலை, நாற்பத்தொரு கிலோமீட்டர்,
வாதியில் வெள்ளம், நூற்றுப் பன்னிரண்டு நாள் தாமதம்.
வாதி, அரபியில் காட்டாறு.
தமிழில் வழக்குப் போட்டவர்.
நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.
காண்டிராக்டர் வானத்தைக் காட்டினார்.
எதிர்த்தரப்பு
வானிலை அறிக்கையைக் காட்டியது.
சீட்டுக் குலுக்கியதில் நடுவர் நான்.
திங்கள் முதல் நான் வேறு ஆள்,
பிளானிங் இன்ஜினியர்,
திரையில் நாட்களைப் பட்டை பட்டையாக அடுக்கிச்
சிவப்படிப்பவள்.
சிவப்பு யாரால் வந்தது என்று
என்னை யாரும் கேட்டதில்லை.

சாட்சி முதஸிர்,
சூடானிலிருந்து வந்தவர், பெரிய கைகள்.
இரண்டு பக்கத் தாளைப் பார்த்து
சைட் இன்ஜினியராகப் பதில் சொல்ல வேண்டும்.
தைபா குறுக்கு விசாரணை செய்தாள்:
பதினான்காம் பத்தியைப் பாருங்கள்,
வெள்ளம் எத்தனை மணிக்கு?
அவர் தாளை மடித்தார்.

"தண்ணீருக்கு முன்னால் சத்தம் வந்தது.
கல் உருளும் சத்தம்.
ஏழு பேரை டேங்கர் மேல் ஏற்றினேன்.
எட்டாவது ஆள்
ஜெனரேட்டரை அணைக்கப் போயிருந்தான்."

ஏசி ஓடுவது கேட்டது.
தைபா மெதுவாக, "இது ஆவணக் கட்டில் இல்லை" என்றாள்.
சொன்னதும் ஏனோ உட்கார்ந்துவிட்டாள்.
முகங்கள் என் பக்கம் திரும்பின.
ஐலீன் வாய் திறக்கவில்லை,
பேனாவைத் திறந்து திறந்து மூடினாள்.

கட்டுக்கு வெளியே இருப்பதை எடை போட இயலாது, என்றேன்.
பதிவிலிருந்து நீக்குகிறேன்.
பதிவு எழுதுகிறவர் என்று
அந்த அறையில் யாருமே இல்லை.

மூன்று மணி நேரத்தில் தீர்ப்பு எழுதினேன்.
இருக்கை, தேதி, காரணங்கள், கையொப்பம்,
ஒன்று விட்டாலும் செல்லாது.
எழுபத்து நான்கு நாள் வெள்ளத்தின் கணக்கில்,
முப்பத்தெட்டு நாள் காண்டிராக்டர் தலையில்.
கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது.
ஐலீன் கை குலுக்கினாள்.
தெளிவான தீர்ப்பு, என்றாள்.

பார்க்கிங்கில் இன்னும் வெயில் இருந்தது.
முதஸிர் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.
குனிந்து கண்ணாடியைத் தட்டினேன்.
"அது நிஜமா? அவன் இறந்துபோனானா?"
கண்ணாடி பாதி இறங்கியது.
"பதிலை ஊட்டும் கேள்வி, மேடம்.
அனுமதி கிடையாது."
சிரித்தார், அல்லது பற்கள் மட்டும் தெரிந்தன.

வீட்டுக்காரர் வரக் கால்மணி நேரம் இருந்தது.
தார் செருப்பில் ஒட்டியது.
எப்படி, எங்கே, எப்போது, ஏன்.
நேற்றுக் கற்ற சொற்கள்.
எதை முதலில் வைத்தாலும்
மறுபடி கணக்குப் போலவே இருந்தது.

"எட்டாவது ஆளின் பெயர் என்ன?"

முதஸிர்
இன்ஜினை அணைத்தார்.