தரைக்கு இன்னும் தெரியவில்லை

செந்தூல். காலை பத்தரை.
நான்காம் ஆண்டுக்கு நிழல் பாடம்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.

படிவத்தில் நேற்றுதான் எழுதினேன்:
'லோஷினி. பார்வையில்லை. இப்பாடத்திலிருந்து விலக்கு.'
அவளோ காலணியைக் கழற்றிவிட்டு
எல்லோருக்கும் முன்னால் நிற்கிறாள்.

நிழலின் விளிம்பில் ரூபேந்திரன்
சாக்பீஸால் கோடு இழுத்தான்.
லோஷினி வெறுங்காலால் சிமெண்டைத் தடவியபடி
கோட்டைத் தாண்டி வெயிலுக்குள் போனாள்.
ஒரு சாண் தள்ளி நின்று,
"இங்கதான் முடியுது."

சிரித்தார்கள்.
மேலே எல்.ஆர்.டி. கடந்து முடியும்வரை சிரித்தார்கள்.
"சூடு இங்கதான் ஆரம்பிக்குது. தொட்டுப் பாருங்க."

பதினெட்டு ஜோடிக் காலணிகள் கழன்றன.
கண்ணை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை,
மூடினார்கள்.

ரூபேந்திரன்தான் கத்தினான்:
"டீச்சர், இது ஓய்வு மணி அடிச்சப்ப இருந்த நிழல்!
அது போயிருச்சு. தரைக்கு இன்னும் தெரியல."

ஒரு சாண் தரை மறப்பதற்கு
எத்தனை நிமிடம் ஆகும்?
பாடநூலில் இல்லை.
எனக்கும் தெரியாது.

லோஷினி குதிகாலை அசைக்காமல் நிற்கிறாள்.
நாங்கள் பத்தொன்பது பேர்
கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு
அவள் 'இப்ப' என்று சொல்லக் காத்திருக்கிறோம்.