பரவாயில்லை, அட்டவணை கீழே

பிப்ரவரி. தார்த்துவில் ஐந்து மணிக்கே இருட்டு.
மடிக்கணினியின் விசிறி
கொதிக்கிற கெட்டிலைப்போல் இரைந்தது.
பக்கத்து வீட்டு எண்டல் சுவரைத் தட்டினார், இரண்டு தரம்.
அமைப்புகளுக்குள் போய், மூன்றாவது அடுக்கில்,
ஜாவாஸ்கிரிப்ட் என்ற பொத்தானை
இடப்பக்கம் தள்ளினேன்.

விசிறி நின்றது.
ரேடியேட்டருக்குள் தண்ணீர் நகர்வது கேட்டது.

முதலில் வங்கி.
வெள்ளை. வேலிகூட மூழ்கிப்போன
பனிவயல் வெள்ளை.
என் பணம் அதற்கடியில் எங்கோ இருக்கிறது,
இருக்கும்.

ஓட்டல்காரர்களுக்கு இன்று பதற்றமே இல்லை.
'இரண்டே அறைகள் மீதம்' காணோம்.
ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்
பூஜ்யம் பூஜ்யம் என்று நிற்கிறது.
பதினேழு பேர் இதே அறையைப் பார்க்கிறார்களாமே,
அந்தப் பதினேழு பேரும் போன இடம் தெரியவில்லை.
வந்த இடமும்தான்.

துணிக்கடையில் படமெல்லாம் சாம்பல் சதுரம்.
சதுரங்களுக்குக் கீழே விலை மட்டும்
ஒரு சென்ட் குறையாமல்.

செய்தித்தாள் காசு கேட்க மறந்துவிட்டது,
முழுக் கட்டுரையையும் நீட்டிவிட்டது.
திருடியதுபோல் இருந்தது.
மூன்று பத்தி படித்து மூடினேன்.
நான்காவதை மறுபடி திறந்து படித்தேன்.

ஒரு பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றியது.
தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன்.
சுற்றியது.

நகராட்சியில் மடித்து வைத்திருந்த பட்டியல்கள் அத்தனையும்
ஒரேயடியாக அவிழ்ந்து கொட்டின,
வீடு காலி செய்கிறவன்
பீரோவைத் தெருவில் கவிழ்த்த மாதிரி:
கழிவுநீர், நாய் உரிமம், கல்லறை வாடகை,
குழந்தைகள் நீச்சல், மறுபடி கழிவுநீர்.

நான் தேடியது படகு.
வோர்ம்சித் தீவில் ஓர் இரும்பு அடுப்பு,
அறுபது யூரோ,
வியாழனுக்குள் போனால் எனக்கு.
படகுத்துறையைத் திறந்தேன்.
வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.
ஓட்டைக்கு மேலே, அலங்காரமில்லாத எழுத்தில்:

'ஸ்கிரிப்டை அணைத்திருக்கிறீர்கள்.
பரவாயில்லை, அட்டவணை கீழே.
கடல் உறைந்தால் அட்டவணையை நம்பாதீர்கள்,
இந்த எண்ணில் கூப்பிடுங்கள். வெல்லோ.'

மாலை முழுக்க இதே இடத்தில்தான்
எல்லோரும் என்னை அதட்டினார்கள்:
இயக்கு, இயக்கினால்தான் உள்ளே.
இந்த ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார்.

நாலாவது மணியில் எடுத்தார், வாயில் ரொட்டி.
'எண் எங்கே கிடைத்தது?'
சொன்னேன்.
மெல்லுவது நின்றது.
'அது இன்னும் அங்கேயா இருக்கிறது?
ஒன்பது வருஷம். கம்பெனி கைமாறி,
தளத்தை இரண்டு தடவை இடித்துக் கட்டினார்களே.'
பிறகு, போனைப் பொத்தாமல், யாரிடமோ:
'மாரே, ஒருத்தி அதைப் படித்திருக்கிறாள்.'

வியாழன் படகு கிடையாது என்றார்.
வடமேற்குக் காற்று, துறைவாயில் கட்டிகள் அடைத்துக் கிடக்கின்றன.
என் திரையிலோ வியாழன், பத்தரை,
அசையாமல் நின்றது.
ஸ்கிரிப்ட் ஓடுகிறவர்களுக்கு
இந்நேரம் சிவப்புப் பட்டை வந்திருக்கும்.
எனக்கு வெல்லோ வந்தார்.

'அங்கே என்ன வேலை?'
அடுப்பைச் சொன்னேன். விற்பவர் பேரையும்.
'பச்சைக் கைப்பிடியா?'
ஆமாம்.
'வாங்காதீர்கள். அடித்தட்டில் விரிசல்.
அவனுக்கு அதை விற்றதே நான்தான்.'

வைத்துவிட்டேன்.
பொத்தானை வலப்பக்கம் தள்ள விரல் போனது.
சுவருக்கு அப்பால் எண்டல் இருமினார்.

நகராட்சியின் சாமான்கள் இன்னும் தெருவிலேயே கிடந்தன.
எனக்கு நாய் கிடையாது.
ஆனாலும் நாய் உரிமம் முழுவதையும் படித்தேன்,
கட்டணம், விலக்கு, தொலைந்தால் யாரிடம் சொல்வது,
கடைசி வரி வரை.