சிறியது என்று சொல்

எலிசேயோ சுமந்து வந்த இரண்டு ஸ்பீக்கரும்
மூடிப்போன ஒரு நடனக்கூடத்தின் மிச்சம்.
அவன் நெஞ்சுயரம்.
வால்பரைசோவில், பாரோன் குன்றின்
நூற்றுப் பன்னிரண்டு படிகளில்
அவன் முதுகை ஒடித்துவிட்டு
எங்கள் தகரச் சுவரோரம் நின்றுகொண்டன,
கடன் கேட்க வந்த உறவினர் மாதிரி
எதையும் தொடாமல்.

ஆம்ப்ளிஃபயர் வேறு வீட்டுச் சரக்கு.
என் தங்கை மரிசோல் வேண்டாமென்று தந்தது.
பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி:
ஆறு ஓமுக்குக் கீழே இணைக்காதீர்.
ஸ்பீக்கரின் முதுகில்: நான்கு.

"இரண்டு ஓம்தானே" என்றான்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
இரண்டு டன் அதிகமென்றால்
கொக்கியைத் தொடவே மாட்டான்.
வீட்டில் மட்டும்
இரண்டு என்பது ஒன்றுமில்லை.

படத்தில் கப்பல் உடையும் கட்டம்.
பெரிய அலை எழுந்து, சரியாக
விழ வேண்டிய இடத்தில்
டொக்.
ஆம்ப்ளிஃபயர் வாயை மூடிக்கொண்டது.
சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டியது.
மாலுமிகள் சத்தமில்லாமல் செத்தார்கள்.
மேல்மூடியில் கை வைத்துப் பார்த்தேன்,
எம்பனாடா சுடலாம்.

எதிர்ப்பு குறைந்தால் நல்லதுதானே என்று
நான்கூட நினைத்திருந்தேன்.
இல்லையாம்.
தடுக்க ஆளில்லையென்றால்
கொடுக்கிறவன் கேட்டதையெல்லாம் கொடுத்து
வெந்துபோவானாம்.
மூன்று மகன்களை வளர்த்தவளுக்கு
இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான்.

மே மாதச் சம்பளத்தில் வந்தது சப்வூஃபர்.
பென்ஷனோடு வந்து தங்கிய மாமியார் மாதிரி
தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்.
பேச்சு மட்டும் அடிவயிற்றிலிருந்து.

அதற்கு இடம் தேட
நாங்கள் உட்காரும் சோபாவில் அதை உட்காரவைத்து
அறை முழுக்கத் தவழ்ந்தான் அவன்.
ஐம்பத்தெட்டு வயது,
முழங்காலில் பழைய துண்டு,
காது தரைக்கு ஒரு சாண் மேலே.
பின்னாலேயே எங்கள் நாய் துவேர்க்கா,
எலி என்று நம்பி.
ஜன்னலோரம் வெறும் உறுமல்.
அலமாரிப் பக்கம் ஒன்றுமே இல்லை,
யாரோ குடித்துத் தீர்த்த மாதிரி.
அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில்
"இங்கே!" என்றது
மேசைக்கடியிலிருந்து ஒரு குரல்.

பெட்டியின் பின்னால் ஒரு சின்ன விசை.
பூஜ்யம், நூற்றெண்பது.
பூஜ்யத்தில் வைத்தால்
ஸ்பீக்கர் தள்ளும்போது இது இழுக்கிறது,
இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.
தட்டிவிட்டான், அறை நிறைந்தது.
எங்கள் இருவருக்கும்கூட
இப்படியொரு விசை எங்காவது இருக்க வேண்டும்.
முப்பத்தொரு வருடத்தில்
யாரும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை.

பிறகு மெனுவில் ஒரு கேள்வி:
ஸ்பீக்கர் பெரியதா, சிறியதா?
படிப்படியாய்ச் சுமந்தவன்
ரிமோட்டைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான்.
கையேட்டை நான்தான் படித்திருந்தேன்.
"சிறியது என்று சொல்" என்றேன்.
"எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே வருகிற பாரத்தையெல்லாம்
அந்தப் பெட்டி தூக்கிக்கொள்ளும்.
இவை கொஞ்சம் மூச்சு விடட்டும்."

சொன்னான். சத்தமில்லாமல், ஒரு பொத்தானில்.

கப்பல் மறுபடி உடைந்தது,
இந்த முறை முழுதாக.
தகரச் சுவர் பாடியது, கரண்டிகள் நடுங்கின,
கீழ்வீட்டு ஓர்த்தென்சியா
இரவு உடையோடு தெருவுக்கு ஓடி
நிலம் ஆடுது, நிலம் ஆடுது என்று கத்தினாள்.
மன்னிப்புக் கேட்டு
அரைக் கேக் கொடுத்தனுப்பினோம்.

அடுத்த வாரம் செவ்வாய்.
இரவு பதினொன்றே கால்.
துடைப்பக்கட்டை கீழிருந்து இடித்தது:
குறையுங்கள்!
சுவர் பாடிக்கொண்டிருந்தது.
கரண்டிகளும்தான்.
தொங்கும் விளக்கு ஒரு பக்கமாய்ப் போய்
யோசித்துத் திரும்பியது.
துவேர்க்கா எப்போதோ மேசைக்கடியில்.
ஆம்ப்ளிஃபயரின் பிளக்கும் பெட்டியின் பிளக்கும்
காலையில் தரை துடைக்க நான் பிடுங்கிப்போட்டபடி
சுவரோரம் கிடந்தன.

எலிசேயோ பிளக்கைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
பழக்கத்தில் கை நீட்டி
வால்யூமை மெதுவாக இடப்பக்கம் திருகினான்.

நின்றது.

கீழிருந்து,
"நன்றி."