கட்டைவிரல்

பழைய துப்பாக்கியில் ஒரு நெம்பு இருந்தது,
புளியங்கொட்டை அளவுகூட இல்லை.
மேலே தள்ளினால் பூட்டு.
கீழே தள்ளினால்தான் சுடும்.

இதில் அது இல்லை.
எடுங்க, அழுத்துங்க, அவ்வளவுதான் என்றான் கடைக்காரன்.
பயத்தில் விரல் மரத்துப்போகும்,
நெம்பெல்லாம் ஞாபகத்துக்கு வராது மேடம்.

வராது. எனக்குத் தெரியும்.

பில்லிங்ஸ், ஜனவரி, இரவுப் பணி முடிந்து
பெட்ரோல் பங்க் வெளிச்சத்துக்கு அப்பால்
காரைத் திறக்கிறேன்.
பின்னால் பனி நொறுங்குகிறது. ஓடி வரும் கால்கள்.
கோட்டுக்குள் போன கை வெளியே வந்தபோது
ஏழடி தூரத்தில் ஒரு நெஞ்சு.
அழுத்தினேன்.
(இதை யாரிடமும் சொன்னதில்லை.)
கல்லை அழுத்தியது போல் இருந்தது.

அவன் கையில் என் கடன் அட்டை.
சட்டையில் பெயர்: டார்வல்.
இருபது வயதிருந்தால் அதிகம்.
"கல்லாவிலேயே விட்டுட்டீங்க" என்று தொடங்கியவன்
பாதியில் நிறுத்தி
அட்டையைப் பனியில் வைத்துவிட்டு
முதுகைக் காட்டாமல், பின்னோக்கியே நடந்தான்.

வீட்டில் ரஸ்ஸலிடம் சொன்னது இவ்வளவுதான்:
ஒருத்தன் பின்னாடியே ஓடி வந்தான்,
நெம்பு மறந்துபோச்சு.
அவன் முகம் வெளுத்தது.
சனிக்கிழமையே இதை வாங்கிக் கொடுத்தான்.

நல்ல துப்பாக்கி. மெலிசு.
இடுப்பில் இருப்பதே தெரிவதில்லை.
பெட்ரோல் மட்டும் வேறு பங்கில் போடுகிறேன்.

மளிகைக் கடை வரிசையில், தேவாலய பெஞ்சில்,
யாராவது பின்னால் வேகமாக வரும்போதெல்லாம்
கோட்டுத் துணிக்கு மேலாக
என் கட்டைவிரல்
இல்லாத நெம்பை
மேலே தள்ளுகிறது,
இன்னும் மேலே.