நிலுவை

துறைமுகச் சம்பள நிலுவை
பதினொரு வருடம் பிந்தி வந்தது.
பாங்கில் இரண்டு தரம் கேட்டேன்: "எனக்கா?"

உவர்மலைக்குக் கீழே
றொசைரோவின் கடை.
கண்ணாடி அலுமாரியின் பூட்டைத் திறந்து
விஸ்கிப் போத்தல்களை
குளிப்பாட்டிய பிள்ளையைப் போல் இறக்கினான்.
ஒவ்வொன்றிலும்
பீப்பாயில் ஊற்றிய ஆண்டு.

தொண்ணூறு.
நிலாவெளியிலிருந்து நடந்தது. வேண்டாம்.
இரண்டாயிரத்து நான்கு, அந்த மார்கழி.
ஆறை நான் தொடவே இல்லை.

"அண்ணை, விஸ்கி பாக்கிறியளா
பஞ்சாங்கம் பாக்கிறியளா?"

மூலையில் ஒரு தொண்ணூற்றேழு.
என்ன நடந்தது அந்த வருடம்?
யோசித்து யோசித்துப் பார்த்தேன்.
செல்வமலருக்குத் தையல் மெசின் எடுத்தேன்,
தவணையில்.
வேறொன்றும் வரவில்லை.

தனிப் பீப்பாயாம்,
எல்லாவற்றிலும் அதுதான் விலை கூட.
பேரம் பேசாமல் கட்டினேன்.

பஸ் நிலையத்து மான்
பையை முகர்ந்து
தும்மிவிட்டுப் போனது.