கடைமடைக் காற்று

வெளிப்பாளையத்து வாடகை மாடியில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மடிக்கணினி,
பதினோரு மாதக் காற்று.
மிதவை அனுப்பியது, பத்து நிமிடத்துக்கு ஒரு வரியாக.
மூன்று நாள் மட்டும் காலி:
புயலுக்கு அஞ்சி மிதவையைக் கரைக்கு இழுத்த நாட்கள்.
எப்போது மிகுதியாய் வீசியதோ
அப்போது அளக்கவில்லை.

எட்டின் கனம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
ஏழின் கனம் முந்நூற்று நாற்பத்து மூன்று.
நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் குறைந்தால்
மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு.
கனம் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது
நாற்பத்திரண்டு வயதில் புரிகிறது.

மிதவைக்குப் படகு விடும் தேசிங்குக்கு
டிகிரி வேண்டாம்.
சோழகம் என்பார், கச்சான் என்பார்,
வாடை விழுந்தால் டீசல் இரட்டிப்பு என்பார்.
அதை நான் ‘காத்திருப்பு நாட்கள்’ கட்டத்தில் போடுகிறேன்:
பழுது பார்க்கக் கடலேற முடியாத நாள்,
கப்பல் சும்மா நின்றாலும் வாடகை ஓடும் நாள்.
அவர் வலையும் அன்றைக்குச் சும்மாதான்.
அதற்குக் கட்டம் இல்லை.

துளைக்கருவி முப்பது மீட்டர் போயும்
கெட்டித் தரை தட்டவில்லை.
குழாயில் ஏறி வந்தது சாம்பல் நிறக் களி.
விரலால் நசுக்கினேன். வண்டல்.
குடகிலிருந்து எத்தனை ஆயிரம் ஆடிப் பெருக்குகள்
சுமந்து வந்து இங்கே இறக்கினவோ.
எங்கள் ஒன்றரை மாவுக்குச் சோறு போட்ட மண்
தூணுக்குக் கால் ஊன்ற இடம் தரவில்லை.
தூண் ஒன்றுக்கு இன்னும் பதினெட்டு மீட்டர் எஃகு.

பிறகு வட்டி.
ஒரு விழுக்காடு கூட்டிப் பார்த்தேன்,
யூனிட் விலை நாற்பது காசு தாவியது.
மும்பையில் யாரோ பேனா மூடியைத் திருகுகிற காற்று
இந்தக் கடலில் அடிக்கும் எதையும் விடப் பலம்.

இரவு பதினொன்றுக்கு வரிசைகளை அடுக்கினேன்.
முன்வரிசைக் காற்றாலை வயிறு முட்டக் குடிக்கிறது;
நாலாம் வரிசைக்கு வருவது
கலங்கிய, களைத்த மிச்சம்.
தள்ளி நட்டால் கேபிள் நீள்கிறது,
நெருக்கி நட்டால் காற்று சாகிறது.

இது எனக்குத் தெரியும்.
தலைஞாயிற்று வாய்க்காலின் கடைசி மடையில்
போன சம்பாவுக்கும் என் தம்பி
டார்ச்சோடு குந்தியிருந்தான்,
மேல்மடைக்காரன் பலகையைத் தூக்குவானா என்று.

முன்வரிசையின் முகத்தை இருபது பாகை
திருப்பி வைத்துப் பார்த்தேன், திரையில்தான்.
அதற்குக் கொஞ்சம் நட்டம்.
பின்வரிசை நிமிர்ந்தது.
மொத்தத்தில் ஒன்றேகால் விழுக்காடு கூடியது.
காற்றாலை வழக்குப் போடவில்லை,
நடுவர் மன்றம் கூட வேண்டியிருக்கவில்லை.

தம்பிக்கு அந்தப் படத்தை அனுப்பினேன்.
‘திருப்புற கை யாரோடது?’ என்று பதில் வந்தது.

அறிக்கையில் கடைசி வரி ‘மற்றவை’.
அதில் தேசிங்கின் சும்மா நாட்களை எழுதிவிட்டேன்.
யூனிட்டுக்கு ஒன்றரைக் காசு.
இது என்ன என்று மும்பை கேட்கும்.