நாற்பத்தொன்பதாம் கல்

வில்லுக்கும் வட்டைக்கும் நடுவில்
நாற்பத்தொன்பதாம் கல் நட்ட அன்று
என் வேளாண்மை குடலைப் பருவம்.
கதிர் வெளிவராத பயிரின் வயிற்றில்
சிமெந்தும் கம்பியும் இறங்கின.

லக்மால் மாத்தையா கூடாத ஆளில்லை.
சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டுத்தான்
சேற்றில் கால் வைத்தார்.
'கல்லுக்கு அங்கால மருந்து அடிக்க ஏலா,
உரம் ஏலா, மண் போட ஏலா'
என் பாஷையில், சொல்லைத் தேடித் தேடி.
அங்கால என்பது
என் மூன்று ஏக்கரில் முக்கால் ஏக்கர்.

நான் உறுதியைக் காட்டினேன்.
அவர் வர்த்தமானியைக் காட்டினார்.
இரண்டு தாளும் காற்றில்
ஒரே மாதிரித்தான் படபடத்தன.

வில்லுக்கு நான் எதிரியில்லை.
சாபிர் ஹாஜியார் தன் பக்கத்தைக்
கிரவல் கொட்டி மூடினார்.
இரண்டு போகம் கொட்டியது நெல்.
மூன்றாம் போகம் உப்பாற்றுத் தண்ணி மேலேறி
வரம்பெல்லாம் வெள்ளை பூத்தது.
கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
அந்த உப்பை இந்தப் பக்கம் வராமல்
பிடித்து நிற்பது எந்தத் தண்ணியென்று
எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஆனால் கிண்ணியா வங்கிக்கு
வில்லு தெரியாது.
விதைநெல்லுக்கும் டீசலுக்கும் அடகில் கிடக்கும்
பௌசியாவின் சோடிக் காப்புக்குத்
தாழைக்கோழி தெரியாது.
இரவில் இறங்கித் தண்டைக் கடித்துப்
பாதி தின்று பாதி துப்பும் அது.
சட்டம் அதன் பக்கம்.
என் பக்கம் ஒரு தகரமும் தடியும்.

மார்ச்சில் வெட்டு மெசின் வந்தது.
கல்லுக்கு இங்கால, என் சொந்தக் காணியில்,
சப்ரான் சட்டென்று நிறுத்தினான்.
'காக்கா, முட்டை.'
ஐந்து. புள்ளி போட்டவை.
மணிக்கணக்கில் காசு கேட்கும் மெசின்
நின்ற இடத்தில் நின்று உறுமியது.
'சுத்தி வெட்டுடா' என்றேன்.
ஏன் சொன்னேன் என்று
பௌசியாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
ஒரு பாய் விரிக்கிற இடம்
வெட்டாமல் நின்றது.

அடுத்த முறை அளக்க வந்தவர் வேறு ஆள்.
சப்பாத்தோடு வரம்பிலேயே நின்றார்.
அந்தத் திட்டைப் படம் பிடித்தார்.
'இயற்கைச் சதுப்புப் புல்' என்று எழுதினார்.
கல்லை இன்னும் ஐந்தடி உள்ளே நகர்த்தச்
சிபாரிசும் செய்தார்.

சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.
மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்:

ஐயா,
அது புல்லில்லை, நெல்.
அதை விட்டுவைத்தது வெள்ளமில்லை, நான்.
கல்லை நகர்த்துவதென்றால் நகர்த்துங்கள்.
கணக்கில் அந்த ஐந்து முட்டையை எழுதும்போது
பக்கத்தில் என் பெயரையும் எழுதுங்கள்.
இடமில்லாவிட்டால்
கீழே.